மாதிரிப் பெயர்

நீர்கொழும்பு
2013 பெப்ரவரி 3

தம்பி ஜெரோம்,

இதைப் பார்த்ததும் அக்காவின் கோபம் ஆறிவிட்டது என்று சந்தோஷப்படாதே. ஆறவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். கத்தினால் அப்பாவுக்குக் கேட்கும். அதனால்தான் மின்னஞ்சல். எழுதச் சொன்னதும் அவர்தான்.

நம் மலர்ச்சாலைக்கு ஓர் இணையத்தளம் வேண்டுமாம். பிரேதப்பெட்டியை யார் கம்ப்யூட்டரில் தேடி வாங்கப்போகிறார்கள் என்று கேட்டேன். கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்: "பெட்டி வாங்கிறவன் இங்கதான் இருக்கிறான். அழுகிறவன் இத்தாலியில இருக்கிறான். அவனுக்குத்தான்."

பொய்யில்லை. இப்போதெல்லாம் நம் ஊர்ச் செத்த வீட்டில் மெழுகுதிரி ஏற்ற ஆள் இருக்கிறதோ இல்லையோ, பெட்டிக்கு மேலே போனை நீட்டிப் பிடிக்க ஓர் ஆள் நிற்கிறது. மிலானில் ஒரு மகன், உங்கள் நேப்பிள்ஸில் ஒரு மகள். பிடிக்கிறவனின் கை சரிந்து, அவர்களுக்குத் தெரிவதெல்லாம் கூரையும் மின்விசிறியும்தான். தளம் இருந்தால் மரண அறிவித்தலையும் போடலாம், அடக்கத்தையும் நேரடியாகக் காட்டலாம் என்று யாரோ அப்பாவின் காதில் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அவர் ஊருக்காகக் கேட்கவில்லை. பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகு அவருடைய யோசனை வேறு. "நான் போகேக்க அவன் பாக்கட்டும். அம்மாவத்தான் அவனுக்குப் பாக்கக் குடுத்து வைக்கல்ல," என்றார். அம்மாவின் அடக்கத்துக்கு நீ வராததை மூன்று வருடமாக நான் மன்னிக்கவில்லை. அவர் அன்றைக்கே மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

தளம் செய்ய இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கொழும்பில் பெரிய நிறுவனம். மற்றது இங்கே கல்யாண வீடியோ எடுக்கும் சுரங்க என்ற பையன்; இப்போது தளமும் செய்கிறானாம். நம் வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன் நீதான். எதைத் தெரிவுசெய்வது என்று சொல். அதைமட்டும் சொன்னால் போதும்.

இமெல்டா


நேப்பிள்ஸ்
2013 பெப்ரவரி 10

அக்கே,

உன் பெயரைத் திரையில் கண்டதும் வீட்டில் யாருக்கோ என்னவோ என்று நெஞ்சு பதறிவிட்டது. திறந்து பார்த்தால் திட்டு. அப்பாடா என்று இருந்தது. அக்கா திட்டுகிறாள் என்றால் எல்லோரும் சுகம்.

அம்மாவுக்கு நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வதிவிடப் பேப்பர் இல்லாதவன் இங்கிருந்து போகலாம், திரும்பி வர ஏலாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறாய். அன்றைக்கு ரீட்டா மாமி போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி காதில் வைத்துக்கொண்டிருந்தேன். பாதர் ஜெபித்தது கேட்கவில்லை. சோற்றுப் பார்சல் குறைந்துவிட்டதென்று யாரோ யாருடனோ சண்டை பிடித்தது மட்டும் தெளிவாகக் கேட்டது. அம்மாவின் கடைசி நேரம் என்று என்னிடம் இருப்பது அந்தச் சோற்றுச் சண்டைதான். அதனால் தளம் வேண்டும். அப்பா சொல்வது சரி.

நிறுவனத்தைத் தெரிவுசெய்யும்போது அவர்கள் காட்டும் அழகான படங்களில் மயங்காதே. முன்பு யாருக்குச் செய்து கொடுத்தார்களோ அவர்களையே அழைத்துக் கேள். தளத்தின் பெயர் நம் பெயரில் பதிந்திருக்க வேண்டும், அவர்களுடையதில் அல்ல. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அழைத்துப் பார். சாவு அலுவலக நேரம் பார்த்து வராது. அதைக் காட்டுகிறவனும் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. அடக்கத்தைப் பதிந்து தளத்தில் வைத்திருப்போம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல். போட்டுப் போட்டுப் பார்க்க அது என்ன கல்யாணக் கசட்டா? நடக்கும்போது பார்க்கட்டும், அழட்டும், முடிந்தது என்று எழுந்து போகட்டும். அதுதான் செத்தவருக்கு மரியாதை.

பேப்பருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைரேகை வைக்கப் பொலிஸ் கந்தோரிலிருந்து அழைப்பு வர வேண்டும். வந்துவிட்டால் நானும் மனிதன். ஊருக்கு வந்து அப்பாவின் காலடியில் இருந்துவிட்டுத் திரும்பலாம்.

உன் தம்பி
ஜெரோம்


நீர்கொழும்பு
2013 மார்ச் 4

ஜெரோம்,

கொழும்புக்குப் போய் வந்தேன். கண்ணாடிக் கட்டடம். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவனும் ஒருத்தியும். நம் தொழில் என்ன என்று கேட்டுவிட்டுக் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். திரையில் வெள்ளைப் புறா பறக்கிறது, பியானோ வாசிக்கிறது. பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் 'கூடையில் சேர்க்கவும்' என்று பொத்தான். கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்: "உங்கட சந்தோஷமான வாடிக்கையாளர் நாலு பேரின்ட படமும், அவங்க சொன்ன கருத்தும் தர ஏலுமா?"

அப்பாவிடம் வந்து சொன்னேன். வாய் கோணியிருந்தாலும் சிரிப்பு நேராகத்தான் வந்தது. "இத்தனை வருஷத்தில ஒருத்தனும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல எண்டு எழுதிக் குடு."

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பார்த்தேன். கொழும்பில் ஓர் இயந்திரம் பேசியது. சுரங்க உடனே எடுத்தான். பின்னால் கல்யாண வீட்டு பாண்ட் சத்தம். "அக்கா, ஆர் செத்தது?" என்றான். எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது.

மறுநாள் வீட்டுக்கு வந்தான். காட்சி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனான். பெட்டியை எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுக்க வேண்டும், கால்மாட்டிலிருந்து காட்டினால் குற்றமா, மூடும்போது காட்டலாமா என்று அப்பாவிடம் கேட்டான். கொழும்பில் இதையெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு குறை. கொழும்பார் காட்சியைப் பதிந்து வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். சுரங்கவிடம் அந்த வசதி இல்லை. ஓடும்போது பார்த்தால்தான் உண்டு. எனக்கு மனம் அங்கேதான் இழுத்தது. ஆனால் நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அப்பாவும், "செத்தவன ஒருக்காத்தான் அனுப்ப வேணும்," என்றார். அப்பாவும் மகனும் எப்போதும் ஒரு கட்சி. சுரங்கவுக்கே கொடுத்துவிட்டேன்.

மாதிரிக்கு ஒரு மரண அறிவித்தல் போட்டுக் காட்டப் பெயர் கேட்டான். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். "என்ட பேரப் போடு. வேற எவன்ட பேரப் போட்டாலும் ஒரு வீட்டில மனசு நோகும்." கடையில் காட்சிக்கு வைத்த பிரேதப்பெட்டியின் மூடியிலேயே தன் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பொருத்தி வைத்திருக்கும் மனிதர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் செத்த வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர் என்பார்களே, அது நம் அப்பாதான்.

இமெல்டா


நேப்பிள்ஸ்
2013 ஏப்ரல் 7

அக்கே,

மாதிரிப் பக்கத்தைப் பார்த்தேன். 'அலோசியஸ் தாப்ரேரா, நீர்கொழும்பு, இறைவனடி சேர்ந்தார்.' பஸ்ஸில் இருந்து பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கிழவி எழுந்து வேறு இடத்துக்குப் போனாள்.

ஞாபகம் இருக்கிறதா? நான் முதலாம் வகுப்பில் இருக்கும்போது கூடப் படித்தவன் ஒருவன் காட்சிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "உங்கட அப்பா செத்திட்டார், பெட்டியில பேர் இருக்கு," என்று சொல்லி, நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்தேன். அப்பா என்னைத் தூக்கி அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார வைத்தார். "இது மாதிரி. உண்மை வந்தா நானே உனக்குச் சொல்லுவன்," என்றார். செத்த பிறகு எப்படிச் சொல்வார் என்று எனக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பின்னணி நீலம் கொஞ்சம் கூடிவிட்டது. மெழுகுதிரியைச் சின்னதாக்கச் சொல். மற்றப்படி சுரங்க நல்ல பிள்ளை. நீ சரியான ஆளைத்தான் தெரிவுசெய்திருக்கிறாய்.

ஜெரோம்


நீர்கொழும்பு
2013 ஏப்ரல் 25

தம்பி, தளத்தைப் பார். நாளை மாலை நாலு மணி. சுரங்க நேரடிக் காட்சியைச் சோதிக்கிறான்.
அக்கா


நீர்கொழும்பு
2013 மே 12

ஜெரோம்,

சோதனையைப் பார்த்தாயாம், காட்சிப் பெட்டி நன்றாகத் தெரிந்ததாம், பின்னால் நான் கூட்டிக்கொண்டு நின்றதும் தெரிந்ததாம். சந்தோஷம். மெழுகுதிரிக்கும் எழுத்துக்கும் நீ அனுப்பும் திருத்தங்களைச் சுரங்க ஒன்று விடாமல் செய்கிறான். அவன் ஒவ்வொரு முறையும் திகதியை மாற்றி மாற்றி ஏற்றுகிறான், நீ ஒவ்வொரு முறையும் குறை கண்டுபிடிக்கிறாய். இங்கே அப்பா கஞ்சியைக்கூட விழுங்குவதில்லை. அதற்கு ஒரு திருத்தம் சொல்.

வந்துவிடு. பேப்பர் வரும், பேப்பர் வரும் என்கிறாய். கடல் வற்றிக் கருவாடு தின்னக் காத்திருந்த கொக்கு குடல் வற்றிச் செத்ததாம். அங்கே சம்பளத்துக்கு யாரோ ஒருத்தியின் அப்பாவுக்குக் கரண்டியால் ஊட்டுகிறாய். இங்கே உன் அப்பா, நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறார். வாசலைப் பார்க்கிறார். ஆட்டோ சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறார். வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் நான் உன்னைத் திட்டுவேன் என்ற பயம்.

டொக்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நமக்கு டொக்டர் சொல்ல வேண்டியதில்லை, ஜெரோம். இந்தத் தொழிலில் வளர்ந்தவர்கள் நாம். பாதத்தைத் தொட்டாலே தெரியும்.

இமெல்டா


நேப்பிள்ஸ்
2013 மே 19

அக்கே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலையை விட்டு வந்துவிடலாம் என்று பையைக் கட்டினேன். கட்டி முடித்த அன்றுதான் அழைப்பு வந்தது. கைரேகைக்கு ஜூலை. அப்போது நான் இங்கே இல்லாவிட்டால் இத்தனை வருடம் ஒளிந்து வாழ்ந்ததெல்லாம் வீண். ஜூலை முடியட்டும். அடுத்த விமானத்தில் வருகிறேன். அப்பாவிடம் சொல். ஜூலை என்று சொல். கஞ்சி குடிப்பார்.

நான் ஊட்டுகிற கிழவர், என்னைத் தன் மகன் என்று நினைத்து யாரோ ஒருவனின் பெயரால் கூப்பிடுகிறார். நானும் பதில் சொல்கிறேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

பகலில் அழைத்தால் போன் அணைந்திருக்கும். வேலை நேரத்தில் போன் அடிப்பது கிழவரின் மகளுக்குப் பிடிக்காது. ஆனால் தளத்தைத் தினமும் பார்க்கிறேன். இந்த மாதத்தில் மட்டும் அப்பா மூன்று முறை செத்துவிட்டார். சாவுச் சேதி பொய்யாக வந்தால் ஆயுள் கெட்டி என்று அம்மா சொல்வாளே. இந்தக் கணக்குப்படி அப்பா நம் இரண்டு பேரையும் அடக்கம் செய்துவிட்டுத்தான் போவார்.

கோபிக்காதே. சிரிக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஜெரோம்


நீர்கொழும்பு
2013 ஜூன் 11

தம்பி, தளத்தைப் பார். நாளை மாலை நாலு மணி.
அக்கா


நேப்பிள்ஸ்
2013 ஜூன் 12

அக்கே,

பார்த்தேன். இந்த முறைதான் திறம். மெழுகுதிரி அளவாக இருக்கிறது, நீலமும் குறைந்துவிட்டது. அந்தப் படத்தை எங்கே பிடித்தாய்? வெள்ளைச் சட்டையோடு, உன் கல்யாணத்தில் எடுத்ததுதானே? அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு பொருத்தம். முதலிலிருந்தே இதைப் போட்டிருக்கலாம்.

சின்னக் குறை ஒன்றுதான். 'அமைதியாக உயிர்நீத்தார்' என்று இருக்கிறது. அப்பா வாசித்தால், "அமைதியாவா? நானா?" என்று கேட்பார். அதை எடுத்துவிடச் சொல்.

நாலு மணிச் சோதனையைப் பார்க்க முடியவில்லை. இங்கே அப்போது கிழவரின் மத்தியானச் சாப்பாட்டு நேரம். இன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. படம் தெளிவாக வந்ததா? இருட்டாக இல்லையே?

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்: படத்தில் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். ஜூலைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

ஜெரோம்


நேப்பிள்ஸ்
2013 ஜூன் 16

அக்கே,

போனை எடு.

இன்றைக்கு நம் ஆட்களின் பூசைக்குப் போனேன். மரித்த ஆத்துமாக்களின் பெயர்களை பாதர் வாசித்தார். மூன்றாவது பெயர் அலோசியஸ் தாப்ரேரா. யாரோ மாதிரியைப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, எழுந்து நின்று, "பாதர், அவர் உயிரோட இருக்கிறார்," என்றேன். முழுக் கோயிலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இங்கே இருக்கும் ரீட்டா மாமியின் மகன் வந்து என்னைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். அவன் அடக்கத்தைப் பார்த்தானாம். இங்கே எல்லோரும் பார்த்தார்களாம்.

எடு அக்கே. திட்டு. எடு.


நீர்கொழும்பு
2013 ஜூன் 20

என் தம்பி,

நீ அழைத்ததெல்லாம் தெரியும். போனை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்தால் குரல் வராது. ஏழாம் நாள் பூசை முடிந்துவிட்டது, இனி எழுதலாம்.

அப்பா பத்தாம் திகதி காலையில் போய்விட்டார். உன்னை அழைத்தேன், அணைந்திருந்தது. இரவில் அழைத்திருக்கலாம். கையில் எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். சாவுச் சேதியை வாயால் சொல்லாதே, வாசலில் போய் நில், உன்னைக் கண்டதும் அவர்களே தெரிந்துகொள்வார்கள் என்று அப்பா எனக்குப் பழக்கியிருந்தார். உன் வாசலுக்கு நான் எப்படி வருவேன்? எனக்குப் பதிலாகத் தளத்தில் உள்ள அந்தப் பக்கமே வந்து நிற்கும் என்று நினைத்தேன். தினமும் பார்க்கிறவன்தானே, கண்டதும் அழைப்பான் என்று நினைத்தேன். மாதிரிக்கும் உண்மைக்கும் அதில் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது, அதைத் தெரிவுசெய்த எனக்குத் தோன்றவேயில்லை.

நீ அழைக்கவில்லை. அழுதுகொண்டு கிடக்கிறான், நேரத்துக்குப் பார்ப்பான் என்று இருந்துவிட்டேன்.

நம் ஆட்களைப் பெட்டி தூக்க விடவில்லை. எதிர்ப்பக்கத்து மலர்ச்சாலை மெண்டிஸ் தன் ஆட்களோடு வந்து, "இண்டைக்கு நீங்க வீட்டாக்கள், வேலையாக்கள் இல்ல. தள்ளி நில்லுங்க," என்றார். வருடக்கணக்காக நம்மோடு பேசாத மனிதர். அப்பாவின் காலரைத் தன் கையாலேயே சரிசெய்தார். புதுத் தகடு வெட்டவில்லை. காட்சிப் பெட்டியில் இருந்த தகட்டையே கழற்றிப் பொருத்தினோம். பித்தளையை நான்தான் துடைத்தேன்.

மூடும் நேரம் வந்தபோது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். சுரங்கவைக் கிட்டே வரச் சொல்லி, அப்பாவின் முகம் முழுதாகத் தெரியும்படி காமெராவைப் பிடிக்க வைத்தேன். பிறகு அதைப் பார்த்து, "தம்பி, வடிவாப் பாத்துக்கொள். மூடப்போறம்," என்றேன். முழு வீடும் காமெராவைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் நீ இருக்கிறாய் என்று எல்லோரும் நம்பினோம். ரீட்டா மாமி உனக்குக் கையைக்கூடக் காட்டினார். மெண்டிஸின் ஆட்கள் மூடியைப் பிடித்த கை வலிக்க நின்றார்கள். நீ போதும் என்று நினைக்கும்வரை வைத்திருந்து, பிறகுதான் மூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பார்த்தேன். முதலில் உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. புரிந்த பிறகு ஒரு பொல்லாத ஆசை வந்தது. இந்த உலகத்தில் நீ இருக்கும் இடத்தில் மட்டும் அப்பா உயிரோடு இருக்கிறார், வாசித்துவிட்டு, "அமைதியாவா? நானா?" என்று கேட்கிறார். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயாவது இருக்கட்டும் என்று பேசாமல் விட்டுவிட்டேன். கோயிலில் நீ எழுந்து நிற்கப்போவது எனக்குத் தெரியாது. என்னை மன்னிக்க வேண்டாம். நான் உன்னை மன்னிக்காமல் இருந்த அளவுக்கு நீயும் இரு.

பதிவு இல்லை. சுரங்கவிடம் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே அவன் அழுதான். கொழும்புக்குப் போயிருந்தால் இருந்திருக்கும். நீ வேண்டாம் என்றாய், அப்பா வேண்டாம் என்றார், நான் சரி என்றேன். ஆர் மேல் குற்றம் சொல்ல? இந்தக் கடிதத்தில் உள்ளதுதான் உனக்கு மிச்சம். போட்டுப் போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் இதைப் பார்.

நீ ஜூலை என்று சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கு அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. காட்சிப் பெட்டியின் மூடியில் ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. தளத்தின் மாதிரிப் பக்கத்துக்கும் சுரங்க வேறு பெயர் கேட்கிறான். எவன் பெயரைப் போட்டாலும் ஒரு வீட்டில் மனசு நோகும். அதனால் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இமெல்டா தாப்ரேரா, நீர்கொழும்பு. அடுத்த கிழமை ஏற்றுவான்.

இனி மெழுகுதிரியைப் பார்க்காதே, நிறத்தைப் பார்க்காதே. என் பெயரைக் கண்டால், எந்த நேரமென்றாலும், நமக்குள் என்ன சண்டையென்றாலும், உடனே என்னை அழை.

நான் எடுத்தால் மாதிரி.

அக்கா